சாய்ந்த பாட்டில், கோணல் மேசை: செசானைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ‘ஆப்பிள் கூடை’ ஓவியத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவோம்: “ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி. சாய்ந்த கூடையிலிருந்து ஆப்பிள்கள் சரிந்து கிடக்கின்றன. நடுவில் ஒரு பாட்டில். பின்னால் தட்டில் பிஸ்கட்.” நானும் முதல் தடவை ஒரு பக்கத்துக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் ஓரத்தில் “மளிகை லிஸ்ட் நன்றாக இருக்கிறது” என்று எழுதித் திருப்பித் தந்தார்.

லிஸ்ட் போடுவதில் குற்றமில்லை, அதோடு எழுந்து போய்விடுவதுதான் சிக்கல். ‘ஆப்பிள்’ என்று பெயர் சொன்ன மறுகணமே, தெரிந்த பொருள்தானே என்று கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது. பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களை வரையும் ஸ்டில் லைஃப் ஓவியத்தில் பொருள்கள் எல்லாமே தெரிந்தவைதான். அவை எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, எது எதைத் தள்ளுகிறது, எது எதைத் தாங்குகிறது என்பதில்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது.

அடுத்த தவறுதான் பெரியது. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கும் இந்த ஓவியம் 1893 வாக்கில் வரையப்பட்டது. உயரம் சுமார் 65 செ.மீ., அகலம் 80 செ.மீ. அதன் நல்ல அச்சுப்படி ஒன்றை எடுத்து, மேசையின் முன்விளிம்பில் ஒரு ஸ்கேலை வையுங்கள். இடப்பக்கத்து விளிம்பைத் துணிக்கு அடியில் அப்படியே நீட்டிக்கொண்டு போனால் வலப்பக்கத்து விளிம்போடு சேராது. பாட்டில் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் இரண்டு தோள்களும் ஒன்றுபோல் இல்லை. பிஸ்கட் அடுக்கில் கீழே இருப்பவற்றைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், மேலே இருப்பவை நம் பக்கமாகச் சற்று எழும்பி நிற்கின்றன.

இதைக் கண்டதும் ஒரு கூட்டம் “பாவம், பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தையும் ஆழத்தையும் சரியாகக் காட்டும் முறை) வரவில்லை” என்கிறது. இன்னொரு கூட்டம் “பல கோணங்களில் பார்த்திருக்கிறார், இதுதான் க்யூபிசத்துக்கு வித்து” என்று முத்திரை குத்திவிட்டு நகர்கிறது. இரண்டாவது கூட்டம் சொல்வதில் உண்மை உண்டு. ஒரே பொருளைப் பல கோணங்களில் உடைத்துக் காட்டும் க்யூபிசத்தைத் தொடங்கிய பிக்காசோவும் ப்ராக்கும் செசானிடமிருந்து நிறையவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியதும் இந்த ஓவியத்தை விட்டுவிட்டு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் முன்னால் ஓடிவிடுகிறோம். இந்தப் பாட்டில் ஏன் சாய்ந்திருக்கிறது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

எனக்குப் பலன் தந்த வழி ஒன்று: டிரேசிங் பேப்பரை மேலே வைத்து ஓவியத்தின் முக்கியக் கோடுகளை மட்டும் நகல் எடுங்கள். பாட்டிலை மட்டும் நேராக நிமிர்த்திப் போடுங்கள். கூடை நம்மை நோக்கிக் கவிழ்கிறது, ஆப்பிள்கள் துணியின் மடிப்புகளில் இறங்குகின்றன. நடுவே பாட்டில் மட்டும் போலீஸ்காரர் மாதிரி விறைத்து நிற்கும், படம் இரண்டு துண்டாகிவிடும். சாய்வு இருக்கும்போதோ கூடையின் பாரத்துக்கு அது ஒரு எதிர்ப்பாரமாகிறது. மேசை விளிம்பின் முறிவையும் இப்படிச் சோதிக்கலாம்.

இதெல்லாம் கைதவறி நேர்ந்ததல்ல என்பதற்கு நேரில் பார்த்த சாட்சியும் உண்டு. லூயி லெ பாய் என்ற இளம் ஓவியர் செசான் பழங்களை அடுக்குவதை விவரித்திருக்கிறார். சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே மஞ்சள் என்று நிறம் பார்த்து வைப்பாராம். பழம் வேண்டிய சாய்வில் நிற்க அடியில் காசு செருகுவாராம். காசு செருகிக் கோணம் பார்த்த மனிதருக்கு மேசை விளிம்பு தெரியாமலா போயிருக்கும்?

ஒளி விஷயத்திலும் பள்ளி டிராயிங் வகுப்பின் பழக்கம் காலை வாருகிறது. “ஒளி இடப்பக்கமிருந்து வருகிறது, ஆகவே வலப்பக்கம் நிழல்” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். செசான் உருண்டையைக் காட்டுவது கறுப்பு வெளுப்பால் மட்டுமல்ல. ஓர் ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள்: மஞ்சள் சிறு தீற்றல், பக்கத்தில் ஆரஞ்சு, பிறகு சிவப்பு, விளிம்புக்கு வரும்போது குளிர்ந்த நிறம். நிறம் மாற மாறப் பழம் திரும்புகிறது. ‘வெள்ளைத் துணி’யும் அப்படித்தான். நீலச்சாம்பலும் காவியும் பச்சைச் சாயலும் கலந்துகிடக்கும் அந்த இடத்தை வெள்ளை என்று சொல்வது நம் மூளை, கண் அல்ல.

நிறத்தைப் பற்றி எழுதும்போது இன்னொரு பள்ளமும் இருக்கிறது. போன் திரையில் தெரியும் சிவப்பை நம்பிப் பத்தி பத்தியாக எழுதிவிடக் கூடாது; ஒரே படத்தை இரண்டு தளங்களில் திறந்து பார்த்தாலே இது புரிந்துவிடும். ஓவியமே மாறியிருக்கவும் கூடும். வான் கோ 1890 மே மாதம் சென்-ரெமியில் வரைந்த ஐரிஸ் பூச்சாடி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின்னணி இன்று கிட்டத்தட்ட வெள்ளை. அவர் பூசியது இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது. தெரியாமல் “வெண்மை பூக்களுக்கு ஓர் அமைதி தருகிறது” என்று எழுதினால் அந்த அமைதி வான் கோ தந்ததல்ல, காலம் தந்தது.

குறியீடு தேடும் ஆசைக்கு ஒரு வரி போதும்: பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் மண்டையோடும் கடிகாரமும் நிலையாமையைச் சொல்கின்றன என்பதற்காக, செசானின் ஒவ்வொரு ஆப்பிளையும் ஏவாள் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

“போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட் (இம்ப்ரஷனிசத்துக்குப் பின் வந்த ஓவியர்) என்பதால் செசான் இப்படி வரைந்தார்” என்ற வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள். ஆங்கிலேயக் கலை விமர்சகர் ராஜர் ஃப்ரை லண்டனில் தான் நடத்திய கண்காட்சிக்காக 1910-இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது செசான் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொகானின் தட்டையான நிறப்பரப்பு, சூராவின் புள்ளிகள், வான் கோவின் தடித்த தீற்றல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்ட பெயர் அது. எனவே ‘இந்தப் பாணியின் இயல்புகள்’ என்று மனப்பாடம் செய்த பட்டியலை ஓவியத்தின்மேல் ஒட்டினால் பாதி ஒட்டாது.

கடைசியாக, எழுதி முடித்ததும் ‘உயிரோட்டமான’, ‘அற்புதமான’, ‘ஆழமான’ போன்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓவியத்தில் ஓர் இடத்தைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். “ஆப்பிள்கள் உயிரோட்டமாக உள்ளன” என்பதற்குப் பதிலாக என் இரண்டாவது முயற்சியில் நான் எழுதியது இது: “துணியின் மடிப்பு அணைபோல் நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் முன்வரிசை ஆப்பிள் தரையில் விழும்.” இந்த முறை ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லை, ஒரு டிக் மட்டும் இருந்தது.