நீல ஒளியில் சிறுநீர்ப்பைப் புற்றைத் தேடுவது: மருந்து ஏற்றுவது முதல் பயாப்ஸி வரை

வெள்ளை ஒளியில் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்யும்போது புடைத்து நிற்கும் கட்டி அவ்வளவாகத் தப்பாது. தப்புவது மிகச் சிறிய கட்டிகளும், 'கார்சினோமா இன் சிட்டு' எனப்படும் தட்டைப் புற்றும்தான். தட்டைப் புற்று உட்சவ்வோடு ஒட்டிப் படர்வது. வெறும் சிவந்த திட்டாகத் தெரியும், பல நேரம் அதுவும் தெரியாது. ஆனால் அது வீரியம் மிக்க புற்று, விட்டுவைத்தால் தசைக்குள் இறங்கிவிடும். நீல ஒளிப் பரிசோதனையின் முதன்மையான பயன் இதைப் பிடிப்பதுதான்.

இதற்குப் பயன்படும் மருந்து ஹெக்ஸாமினோலெவுலினேட். ஐரோப்பாவில் ஹெக்ஸ்விக்ஸ், அமெரிக்காவில் சிஸ்வியூ என்ற பெயர்களில் வருகிறது. ரத்தச் சிவப்புக்குத் தேவையான ஹீம் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உருவாகிறது. இந்த மருந்து அந்த உற்பத்தித் தொடரின் தொடக்கப் படியில் நுழைகிறது. புற்றுச் செல்களில் தொடர் கடைசிப் படிக்கு முன்பே தேங்க, புரோட்டோபோர்பைரின் என்ற பொருள் குவிகிறது. ஏறத்தாழ 380 முதல் 440 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி பட்டால் அது 635 நானோமீட்டர் அளவில் சிவப்பாக ஒளிரும். சுற்றியுள்ள நல்ல திசு நீலமாகவே இருக்கும்.

யாருக்குச் செய்வது? சிறுநீர்ச் செல் பரிசோதனையில் புற்றுச் செல் தெரிந்தும் வெள்ளை ஒளியில் எதுவும் அகப்படாதவருக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். முன்பு வீரியம் மிக்க கட்டியோ தட்டைப் புற்றோ இருந்து கண்காணிப்பில் இருப்பவருக்கும், முதன்முறை கட்டியைச் சுரண்டி எடுக்கப்போகிறவருக்கும் பலன் உண்டு. அறிகுறியே இல்லாத பொதுமக்களைச் சலித்தெடுக்கும் சோதனை இது அல்ல. 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மேலோட்டக் கட்டி (தசைக்குள் இறங்காத கட்டி) உள்ளவர்களில் 24.9 விழுக்காட்டினரிடம் வெள்ளை ஒளி தவறவிட்ட கட்டி ஒன்றாவது நீல ஒளியில் கிடைத்தது. தட்டைப் புற்று உள்ளவர்களில் 26.7 விழுக்காட்டினருக்கு அது நீல ஒளியில் மட்டுமே தெரிந்தது. ஆனால் பிரிட்டனின் 22 மருத்துவமனைகளில் 538 பேரைச் சேர்த்து நடந்த 'ஃபோட்டோ' ஆய்வு 2022-இல் வெளியானபோது, மூன்று ஆண்டுகளில் நோய் திரும்புவது நீல ஒளியால் குறைந்ததாகக் காட்டவில்லை. எனவே கூடுதலாகக் கண்டுபிடிப்பது உறுதி. அதனால் நோய் திரும்பாமல் இருக்கும் என்பது உறுதியில்லை. நோயாளியிடமும் இதை இப்படியே சொல்லிவிடுங்கள்.

போர்பைரியா (ஹீம் உற்பத்தியில் உள்ள கோளாறு) உள்ளவருக்கும், இம்மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவருக்கும் கொடுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தால் தள்ளிப்போடுங்கள். ரத்தம் நீல ஒளியை உறிஞ்சிவிடும், திரை இருண்டுவிடும். சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசியே இங்கே புற்றுக்கு மருந்தாகிறது) அல்லது கீமோ மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் ஏற்றியிருந்தால் 90 நாள் கழியட்டும். அழற்சி கொண்ட சவ்வும் சிவப்பாக ஒளிரும் என்பதுதான் காரணம்.

முந்தைய நாளே கருவியைச் சோதித்துவிடுவது நல்லது. வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறும் ஒளிமூலம், நீலத்தைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய டெலிஸ்கோப் (உள்ளே செலுத்திப் பார்க்கும் குழாய்), அதற்கேற்ற கேமரா, அந்த அமைப்புக்கென்றே உள்ள ஒளிக் கேபிள் எல்லாம் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும். வழக்கமான ஃபைபர் கேபிளைச் செருகினால் நீல ஒளி குறைந்து படம் மங்கும். பல இடங்களில் மருந்தைக் குறை சொல்வார்கள், குறை கேபிளில் இருக்கும். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படியான நிற அமைப்பை) வெள்ளை ஒளியில் வைத்துச் சரிசெய்யுங்கள்.

குப்பியில் 100 மில்லிகிராம் பொடி இருக்கும். ஐரோப்பியப் பெட்டியில் 85 மில்லிகிராம் என்று அச்சாகியிருந்தால் குழம்ப வேண்டாம். மருந்தோடு சேர்ந்துள்ள ஹைட்ரோகுளோரைடு உப்பைக் கழித்துச் சொன்ன அதே அளவுதான். உடன் வரும் 50 மில்லி கரைதிரவத்தைச் சிரிஞ்சில் எடுத்து, அதில் சுமார் 10 மில்லியைக் குப்பிக்குள் செலுத்தி மெல்ல அசையுங்கள், உடனே கரைந்துவிடும். கரைந்ததை முழுக்கத் திரும்ப உறிஞ்சி, சிரிஞ்சில் மீதியுள்ள 40 மில்லியோடு கலந்துவிடுங்கள். உடனே பயன்படுத்துவது நல்லது. முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இரண்டு மணி நேரம் வரை வைக்கலாம், அதற்கு மேல் கொட்டிவிட வேண்டும். கையுறை கட்டாயம், தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும்.

மருந்தை ஏற்றும் மெல்லிய குழாயான கதீட்டர் சாதாரணமானதாக இருக்கட்டும். வெள்ளி பூசியதும் ஆன்டிபயாட்டிக் பூசியதும் ஆகாது. சிறுநீர்ப்பையைச் சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்தபின் 50 மில்லியையும் மெதுவாக ஏற்றிவிட்டுக் கதீட்டரை எடுத்துவிடுங்கள். மிச்சச் சிறுநீர் இருந்தால் மருந்து நீர்த்துப்போகும். அதனால்தான் முன்னதாக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று நோயாளியிடம் சொல்லிவைக்கிறோம்.

இனி ஒரு மணி நேரம் அடக்கியிருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான பரிசோதனைகள் கெட்டுப்போகின்றன. அறுவை அறை முன்னதாகக் காலியாகிவிட்டது என்று 35-ஆம் நிமிடத்தில் அழைத்துப்போனால் சிவப்பு மங்கலாகத் தெரியும், தட்டைப் புற்று தப்பும். அறை தாமதமானாலும் சிக்கல்தான்: ஏற்றியதிலிருந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மருந்தை வெளியேற்றிய அரைமணிக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். ஆகவே ஏற்றிய நேரத்தை நோயாளியின் அட்டையில் பெரிதாக எழுதி, அறுவை அறைக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அடக்க முடியாமல் முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டாலும், ஏற்றியதிலிருந்து ஒரு மணி நேரம் ஆனபிறகே தொடங்குங்கள். அப்படிப்பட்டவரிடம் முடிவின் நம்பகம் குறைவு என்பதையும் குறித்துவையுங்கள்.

உள்ளே போனதும் பழைய திரவத்தை வடித்து, தெளிந்த திரவத்தால் அலசுங்கள். சிறுநீர் நீல ஒளியில் பச்சை மூட்டமாகத் தெரியும். முதலில் வெள்ளை ஒளியில் சுவர் முழுவதையும் பார்த்து ஐயமான இடங்களைக் குறிக்கும் வரைபடம், பிறகு நீலத்திலும் அதே; இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெள்ளை ஒளியில் நெடுநேரம் நிற்கவும் கூடாது. ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் சிவப்பு வெளிறிவிடும். எதையும் கிள்ளி எடுப்பதற்கு முன் இரு வரைபடங்களும் முடிந்திருக்க வேண்டும், கிள்ளினால் ரத்தம் கசியும்.

ஆண்களின் புரோஸ்டேட் சிறுநீர்க்குழாயும், சிறுநீர்ப்பைக் கழுத்தும் இயல்பாகவே லேசாகச் சிவக்கும். அதைப் புற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதேவேளை மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே நல்ல சான்று. அங்கும் சிவப்பில்லை என்றால் மருந்தையோ நேரத்தையோ கருவியையோ சந்தேகியுங்கள். 'புற்று இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

பொய்ச் சிவப்பில் மிக அதிகம் ஏமாற்றுவது சாய்ந்த பார்வை. ஒளி சவ்வின்மேல் சாய்வாக விழும்போது சுவர் முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரியும். கருவியைக் கிட்டக் கொண்டுபோய்ச் செங்குத்தாகப் பாருங்கள். சாய்வினால் வந்தது மறைந்துவிடும், புற்று கூர்மையான விளிம்போடு அப்படியே நிற்கும். பை பாதி நிரம்பிய நிலையில் மடிப்புகளும் இப்படித் தோன்றும், இன்னும் கொஞ்சம் திரவம் விட்டுப் பாருங்கள். பழைய தழும்பு, கருவி உரசிய இடம், அழற்சி ஆகியவையும் சிவக்கலாம்.

சிவந்த இடம் எல்லாம் புற்றல்ல, சிவக்காத இடம் எல்லாம் நல்லதுமல்ல. வெள்ளை ஒளியில் ஐயம் தந்த இடம் நீலத்தில் ஒளிராவிட்டாலும் அதையும் பயாப்ஸிக்கு எடுங்கள். கட்டியைச் சுரண்டியபின் ரத்தக் கசிவை வெள்ளை ஒளியில் நிறுத்தி, மீண்டும் நீலத்துக்கு மாறி விளிம்பைப் பாருங்கள். சிவப்பு மிச்சமிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கருகிய திசு ஒளிராது, ஆகவே கருகலுக்கு அடியில் எதுவும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பிறகு சில மணி நேரம் எரிச்சல், அடிவயிற்றுப் பிடிப்பு, சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் இருக்கலாம். பைக்குள் ஏற்றிய மருந்துக்காக நோயாளி வெயிலை ஒதுக்கத் தேவையில்லை. ஜப்பானில் 2017 முதல் அனுமதியுள்ள வாய்வழி மருந்து, 5-அமினோலெவுலினிக் அமிலம், வேறு கதை: எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், கருவி செலுத்துவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்பு. அதில் ரத்த அழுத்தம் குறையக்கூடும், கடும் ஒளியிலிருந்து நோயாளியைக் காக்கவும் வேண்டும்.

நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு துண்டையும் தனிக் குப்பியில் போடுங்கள். எந்த இடம், வெள்ளையில் தெரிந்ததா, நீலத்தில் மட்டுமா, மருந்து எத்தனை நிமிடம் உள்ளே இருந்தது என்று சீட்டில் எழுதுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே குப்பியில் போட்டு அனுப்பினால், நீல ஒளி எதைக் கண்டுபிடித்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.