லேக்கர்ஸா, செல்டிக்ஸா? புது சீசனைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 அக்டோபரில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சீசன் தொடங்கும் முன், "இந்த வருஷம் லேக்கர்ஸா, செல்டிக்ஸா?" என்று யாரிடம் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் லேக்கர்ஸ் என்றுதான் பதில் வந்திருக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன். லெப்ரான் ஜேம்ஸ், ஆன்டனி டேவிஸ், புதிதாக வந்த ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். பெஞ்சில் கார்மெலோ ஆன்டனி, டுவைட் ஹோவர்ட், ராஜோன் ரோண்டோ. செல்டிக்ஸ் பக்கம் ஜேசன் டேட்டம், ஜேலன் பிரவுன் என்று இரண்டு இளைஞர்கள், தலைமைக் கோச்சாக முதல் வருஷத்தில் காலடி வைக்கும் இமே உடோகா. முந்தைய சீசனில் செல்டிக்ஸ் 36 வெற்றி, 36 தோல்வி.

அந்த சீசன் முடிந்தபோது லேக்கர்ஸ் 33–49 (வெற்றி–தோல்வி). கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று மட்டுமல்ல, அதற்கு முந்தைய பிளே-இன் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. செல்டிக்ஸ் 51–31 என்று முடித்து இறுதிச் சுற்று வரை போனது. இவ்வளவு பெரிய தவறு எங்கிருந்து வந்தது என்று அதன்பின் பலமுறை யோசித்திருக்கிறேன். லேக்கர்ஸையும் செல்டிக்ஸையும் ஒப்பிடும் எல்லாருக்கும் அந்த சீசனில் பாடம் இருக்கிறது.

பெயர்களைக் கூட்டிப் பார்ப்பது

ஒரு ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு அணி ஓர் இரவுக்கு நிரப்ப வேண்டியது 240 நிமிடங்கள். அந்த 240 நிமிடங்களை யார் யார், யாரோடு சேர்ந்து நிரப்பப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நாம் அதை விட்டுவிட்டு, சட்டையில் அச்சடித்த பெயர்களைக் கூட்டிப் பார்க்கிறோம்.

2021-22இல் லெப்ரான் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.3 புள்ளி எடுத்தார். 37 வயதில் அது அசாத்தியம். ஆனால் 82 ஆட்டங்களில் அவர் ஆடியது 56. டேவிஸ் 40. லெப்ரான், டேவிஸ், வெஸ்ட்புரூக் மூவரும் சேர்ந்து களமிறங்கியது 21 ஆட்டங்களில் மட்டுமே. அவற்றிலும் 11 வெற்றி, 10 தோல்வி. நாம் மனதில் ஒப்பிட்ட அந்த லேக்கர்ஸ் அணி சீசனின் கால்வாசியில்தான் இருந்தது. இருந்த நாட்களிலும் அது சுமாரான அணிதான்.

ஏன் சுமார்? ஒரே ஒரு காட்சியை நிறுத்திப் பாருங்கள். பந்து லெப்ரான் கையில், மேலே நடுவில். வெஸ்ட்புரூக் ஓரத்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அந்த சீசனில் அவர் அங்கிருந்து எறிந்தவற்றில் 29.8 சதவீதம்தான் விழுந்தது. எதிரணிக்கும் இது தெரியும். அதனால் அவரைக் காக்க வேண்டியவர் அவரை விட்டுவிட்டு வளையத்துக்கு அடியில் போய் நின்றுகொள்கிறார். லெப்ரான் உள்ளே புகுந்தால் எதிரே ஒருவருக்கு இருவர். வெஸ்ட்புரூக்கின் பலம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பாய்வது. லெப்ரானின் பலமும் அதுவே. களத்தில் இருப்பதோ ஒரு பந்து.

வெஸ்ட்புரூக்கை வாங்க லேக்கர்ஸ் கொடுத்தவர்களில் கைல் குஸ்மாவும் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பும் இருந்தார்கள். பந்து கையில் இல்லாமலே பயன்படக்கூடியவர்கள். அதே கோடையில் அலெக்ஸ் கரூசோ சிகாகோவுக்குப் போய்விட்டார். இவர்கள் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அணிகளை ஒப்பிடும்போது வந்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் போனவர்களைப் பற்றியும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நட்சத்திரங்களைச் சேர்ப்பதே தவறு என்றும் இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2007 கோடையில் செல்டிக்ஸ் கெவின் கார்னெட்டையும் ரே ஆலனையும் கொண்டுவந்து பால் பியர்ஸோடு சேர்த்தது. முந்தைய சீசனில் 24 வெற்றி. அந்த சீசனில் 66, கூடவே இறுதிச் சுற்றில் லேக்கர்ஸை வென்று கோப்பை. அங்கே கார்னெட் முதலில் டிஃபென்ஸைத் தோளில் சுமந்தார். ஆலன் பந்தில்லாமல் ஓடி ஓடித் தனக்கு இடம் உண்டாக்கிக்கொண்டார். ஆளுக்கொரு வேலை இருந்தது.

ஹைலைட்ஸை வைத்து டிஃபென்ஸை எடைபோடுவது

நம்மூரில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். குளிர்காலத்தில் பாஸ்டனில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை ஆறு மணி. லாஸ் ஏஞ்சலிஸில் ஏழரை என்றால் இங்கே ஒன்பது, வேலைக்குப் போகும் நேரம். முழு ஆட்டம் பார்க்க வழியில்லை, பத்து நிமிட ஹைலைட்ஸ்தான் கதி. அதில் வருவது டங்க்கும் (பந்தை வளையத்துக்குள் அடித்து இறக்குவது) த்ரீயும் (மூன்று புள்ளி எறிதல்). அன்று இரவு எதிரணி உள்ளே புக நினைத்து, புக முடியாமல் பந்தை வெளியே திருப்பியது அதில் வராது.

2022 செல்டிக்ஸை உயர்த்தியது சரியாக அந்த வராத பகுதிதான். உடோகா, வளையத்தைக் காக்கும் தன் உயரமான சென்டர் ராபர்ட் வில்லியம்ஸை எதிரணியின் சென்டர் மீது விடாமல், மூலையில் நிற்கும் சுமாரான ஷூட்டர் மீது விட்டார். மற்ற நால்வரும் ஆள் மாற்றி ஆள் பிடித்தார்கள். யாராவது அவர்களைத் தாண்டி உள்ளே வந்தால் வில்லியம்ஸ் மூலையிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தட்டிவிடுவார். மார்கஸ் ஸ்மார்ட் அந்த சீசனின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதைப் பெற்றார். முழு சீசனும் பார்க்க முடியாவிட்டாலும், மாதத்துக்கு இரண்டு ஆட்டங்களையாவது முழுதாகப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல், பந்து இல்லாத பக்கம் நிற்பவர்களைப் பாருங்கள்.

வெற்றி எண்ணிக்கையை மட்டும் நம்புவது

2024-25இல் லேக்கர்ஸ் 50–32. லீக்கின் மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். நடுவே பிப்ரவரியில் டேவிஸைக் கொடுத்து லூகா டான்சிச்சை வாங்கியிருந்தது. பலரும் இறுதிச் சுற்றையே பேசினார்கள். ஆனால் அந்த சீசனில் லேக்கர்ஸ் எதிரணிகளைவிட ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த கூடுதல் புள்ளி ஒன்றைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். 61 வெற்றி எடுத்த செல்டிக்ஸுக்கு அது ஒன்பது. 50 வெற்றிக்கும் 61 வெற்றிக்கும் உள்ள தூரத்தைவிட இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரம் அதிகம் சொல்கிறது. நெருக்கமான ஆட்டங்களை ஒரு வருஷம் வெல்லலாம், அடுத்த வருஷமும் அதே கை ஓங்கும் என்று நிச்சயமில்லை. பழைய சீசனைப் பார்த்துப் புது சீசனைக் கணிக்கிறீர்கள் என்றால் புள்ளி வித்தியாசத்தில் தொடங்குங்கள்.

பிளேஆஃபில் மினசோட்டா லேக்கர்ஸை 4–1 என்று வெளியேற்றியது. நான்காவது ஆட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. கோச் ஜேஜே ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும், 24 நிமிடமும், ஒரே ஐந்து பேரை ஆடவிட்டார். ஒரு மாற்றுகூட இல்லை. மூன்றாம் கால்பகுதி முடிவில் லேக்கர்ஸ் 10 புள்ளி முன்னே. கடைசிக் கால்பகுதியில் மினசோட்டா 32, லேக்கர்ஸ் 19. முடிவு 116–113. அந்த ஐவரில் உண்மையான சென்டர் ஒருவர்கூட இல்லை. டேவிஸ் போன பிறகு மார்க் வில்லியம்ஸ் என்ற சென்டரை வாங்கப் பேசி முடித்து, உடல் பரிசோதனைக்குப் பின் அந்த டிரேடே ரத்தாகியிருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டாவின் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அந்த 240 நிமிடக் கணக்கில் நிரப்பாமல் விட்ட இடம் எது என்று ஏப்ரலில் எதிரணி கண்டுபிடித்துவிட்டது.

செல்டிக்ஸும் அந்த வருஷம் தப்பவில்லை. நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் 60 த்ரீ எறிந்து 45ஐத் தவறவிட்டது. பிளேஆஃப் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் ஓர் ஆட்டத்தில் அவ்வளவு த்ரீ தவறவிட்டதில்லை. முதல் இரண்டு ஆட்டங்களிலும் 20 புள்ளி முன்னிலையைக் கைவிட்டது. சீசன் முழுக்க வெற்றி தந்த அதே பாணி ஒரு வாரத்தில் எதிராகத் திரும்பக்கூடியது. அதையும் கணிப்பில் சேர்க்க வேண்டும்.

கிழக்கும் மேற்கும் ஒன்றென்று நினைப்பது

செல்டிக்ஸ் கிழக்கு, லேக்கர்ஸ் மேற்கு. ஒவ்வோர் அணியும் 82இல் 52 ஆட்டங்களைத் தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே (பிரிவுக்குள்ளேயே) ஆடுகிறது, எதிர்க் கான்ஃபரன்ஸோடு 30. இவ்விரு அணிகளும் நேருக்கு நேர் மோதுவது வழக்கமான சீசனில் இரண்டே முறை. 2013-14இல் பீனிக்ஸ் 48 ஆட்டங்களை வென்றும் மேற்கில் பிளேஆஃபுக்கு வர முடியவில்லை. கிழக்கில் அட்லாண்டா 38 வென்று உள்ளே போனது. எந்த வருஷம் எந்தப் பக்கம் கடினம் என்பது மாறும். பார்க்காமல் விடுவதுதான் தவறு.

காயத்திலிருந்து திரும்புபவரை முழு ஆளாக எண்ணுவது

2013 ஏப்ரலில் லேக்கர்ஸின் கோபி பிரையண்டுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள அகில்லிஸ் தசைநார் அறுந்தது. எட்டு மாதத்தில், டிசம்பரில், திரும்பி வந்தார். ஆறு ஆட்டம் ஆடினார், முழங்காலில் எலும்பு முறிந்தது, சீசன் முடிந்தது. லேக்கர்ஸ் 27–55. கெவின் டுரான்ட் அதே காயத்துக்குப் பின் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார், பழைய ஆட்டக்காரராகவே திரும்பினார். 2025 மே மாதம் டேட்டமுக்கும் நியூயார்க் நிக்ஸின் அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதே காயம் ஏற்பட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் இவர்கள் இருவரும்தான். திரும்பும் தேதி வேறு, பழைய கால் திரும்பும் தேதி வேறு.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்துகொள்கிறது. லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான 2023 ஒப்பந்தத்தில் வந்த இரண்டாம் சம்பள வரம்பைத் தாண்டும் அணியால் பல வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரே டிரேடில் கொடுக்க முடியாது. இன்னும் பல கதவுகள் மூடும். 2024இல் கோப்பை வென்ற செல்டிக்ஸ், அடுத்த கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயை போர்ட்லாண்டுக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது. அல் ஹார்ஃபோர்டும் லூக் கோர்னெட்டும் வேறு அணிகளுக்குப் போனார்கள். அவர்கள் யாரும் ஆட்டம் மறந்து போகவில்லை. சம்பளப் பட்டியலைப் பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிர்ச்சி.

கோப்பை எண்ணிக்கை பற்றி ஒரு வரி போதும். செல்டிக்ஸ் 18, லேக்கர்ஸ் 17. அதில் ஒன்றுகூட வரும் சீசனில் ஒரு புள்ளி எடுத்துத் தராது.

ப்ரீசீசன்

சீசனுக்கு முந்தைய இந்தப் பயிற்சி ஆட்டங்களில் இரண்டு பக்கமும் தவறு உண்டு. ஸ்கோரைப் பார்த்துக் கொண்டாடுவதும் புலம்புவதும் வீண், நட்சத்திரங்கள் பாதி நேரம் பெஞ்சில் இருப்பார்கள். ஆனால் பார்க்கவே வேண்டாம் என்பதும் சரியில்லை. 2012இல் ஹோவர்டும் ஸ்டீவ் நாஷும் வந்த லேக்கர்ஸ் ப்ரீசீசனின் எட்டு ஆட்டங்களையும் தோற்றது. "அது கணக்கில் இல்லை" என்றார்கள். சீசன் தொடங்கி ஐந்து ஆட்டத்தில் 1–4, கோச் மைக் பிரவுன் வெளியேற்றப்பட்டார். கோச் யாரை யாரோடு சேர்த்து இறக்குகிறார், லெப்ரானோ டேட்டமோ உட்காரும்போது பந்து யார் கைக்குப் போகிறது, ப்ரீசீசனில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஜனவரியிலேயே தீர்ப்பு எழுதுவது

2022 ஜனவரி 6. மேடிசன் ஸ்கொயர் கார்டன். செல்டிக்ஸ் 25 புள்ளி முன்னிலையில் இருந்தது. நிக்ஸ் விரட்டி வந்து சமன் செய்தது. கடைசி நொடியில் ஆர்ஜே பாரெட் எறிந்த த்ரீ பலகையில் பட்டு உள்ளே விழுந்தது, 108–105. செல்டிக்ஸ் 18–21. டேட்டமையும் பிரவுனையும் பிரித்துவிட வேண்டும், இருவரும் சேர்ந்து ஆட மாட்டார்கள் என்று அந்த வாரம் எங்கு பார்த்தாலும் பேச்சு. கிளப் அவர்களைப் பிரிக்கவில்லை. பிப்ரவரியில் சான் அன்டோனியோவிலிருந்து டெரிக் வைட்டைக் கொண்டுவந்தது. பந்தைத் தேக்காமல் ஒரு நொடியில் அடுத்தவருக்குத் தள்ளிவிடுபவர், டிஃபென்ஸில் யாரையும் பிடிக்கக்கூடியவர். அந்த இரவுக்குப் பிறகு செல்டிக்ஸ் ஆடிய 43 ஆட்டங்களில் 33 வெற்றி. ஜூனில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக இறுதிச் சுற்று ஆடியபோது முதல் ஐவரில் இருந்தவர்கள் டேட்டம், பிரவுன், ஸ்மார்ட், ஹார்ஃபோர்ட், ராபர்ட் வில்லியம்ஸ். ஐந்து பேரும் அக்டோபரிலேயே அந்த அணியில் இருந்தவர்கள்.