சிட்னியிலிருந்து பெர்த்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சிட்னிக்கு வந்து வீடு பிடித்த கையோடு பலருக்கும் இந்த யோசனை வரும்: பெர்த்தில் சித்தப்பா இருக்கிறாரே, சனி ஞாயிறில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே! தாராளமாக வரலாம், அலுப்பைப் பொருட்படுத்தாவிட்டால். வான்வழியில் சுமார் 3,300 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் இடையில்கூட நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900தான். உள்நாட்டுப் பயணம் என்ற பெயரை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்.

போகும்போது ஏறக்குறைய 5 மணி நேரம். திரும்பும்போது 4 மணி நேரமும் கொஞ்சமும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று போகையில் எதிர்த்து நிற்கும், வருகையில் முதுகில் கைவைத்துத் தள்ளும்.

டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு வராது. அதில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் காலை 9 மணிக்கு சிட்னியில் ஏறினால் பெர்த்தில் பகல் 12 மணிக்கு இறங்குவீர்கள். 3 மணி நேரம்தான் ஆனதுபோல் தோன்றும். பெர்த் கடிகாரம் 2 மணி நேரம் பின்தங்கியிருப்பதே காரணம். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம் அதை ஏற்பதில்லை. 2009இல் வாக்கெடுப்பு வைத்தும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே கோடையில் வித்தியாசம் 3 மணி நேரம். ஜனவரியில் காலை 7 மணிக்கு சித்தப்பாவுக்குப் போன் போட்டால் அங்கே விடிகாலை 4 மணி. வாழ்த்தாது திட்டித்தான் வைப்பார்.

திரும்புவதற்கு இரவு விமானம் பலருக்குப் பிடிக்கும்: ஒரு விடுதிச் செலவு மிச்சம். ஆனால் சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானங்களுக்கு ஊரடங்கு; அதற்கேற்பவே அந்த விமானங்கள் பெர்த்தில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, 6 மணிக்குப் பிறகு வந்து இறங்குகின்றன. 4 மணி நேரத் தூக்கத்தை நம்பி அன்று காலையே வேலைக்குப் போவது என் கணக்கில் வீண் வீரம். திங்கள் காலை விடுப்பு எடுத்துவிடுங்கள்.

பை கட்டும்போது ஒரு விஷயம். பழம், காய்கறி, தேன், செடி, விதை இவற்றுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் கடும் கட்டுப்பாடு உண்டு, நீங்கள் சிட்னியிலிருந்தே போனாலும். சித்திக்கென்று வாங்கிய மாம்பழமும் முருங்கைக்காயும் பெர்த் விமான நிலையக் குப்பைத் தொட்டியில் விழ வேண்டியிருக்கும். கறிவேப்பிலைக் கன்றை நினைக்கவே வேண்டாம். வீட்டில் சுட்ட முறுக்குக்குத் தடை இல்லை.

பெர்த் விமான நிலையத்தில் 1, 2 முனையங்கள் ஒரு பக்கம், 3, 4 மறுபக்கம். நடந்து கடக்க முடியாது, இலவச பஸ் உண்டு. 2022இல் வந்த ரயில் பாதையில் 1, 2 முனையங்களுக்கு ஏர்போர்ட் சென்ட்ரல் நிலையம். 3, 4க்கு ரெட்கிளிஃபில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அழைத்துப்போக வருபவரிடம் முனைய எண்ணை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரில் போகலாமா என்றும் கேட்பார்கள். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், நடுவில் நல்லர்பார் என்ற வறண்ட, ஆளரவமற்ற சமவெளி. ஒரு வார விடுமுறை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.