அம்புக்கு எந்த முனை? வில் பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

முனை வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் பார்ப்பது வடிவத்தைத்தான். மூன்று பிளேடு வைத்த வேட்டை முனை பளபளவென்று இருந்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எடை, அடுத்தது அது உங்கள் தண்டில் சரியாக உட்காருமா என்பது. வடிவம் மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும்.

படி 1: எதன் மீது எய்யப் போகிறீர்கள்?

ஃபோம் அல்லது வைக்கோல் டார்கெட்டில் மட்டும் என்றால் பிளேடு இல்லாத சாதாரணப் பயிற்சி முனையான ஃபீல்டு பாயின்ட் போதும். பிராட்ஹெட் எனப்படும் பிளேடு வைத்த வேட்டை முனையைப் பயிற்சி மைதானங்களில் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். அது ஃபோமை வெட்டிக் கிழித்துவிடும், பிடுங்கும்போது கையையும் வெட்டும்.

வேட்டைக்கு என்றால் முனை வாங்கும் முன்பே சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் வில்லால் வேட்டையாடுவதே தடை, இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டையே தடை. அமெரிக்காவில் அனுமதி உண்டு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பெரிய விலங்குகளுக்கான முனையின் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்று கேட்கிற மாநிலங்கள் பல. எந்த வகை பிராட்ஹெட் செல்லும் என்பதையும் உரிமம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 2: கையில் இருக்கும் தண்டைப் படியுங்கள்

கார்பன், அலுமினியத் தண்டுகளில் ஏதோ எண் அச்சிட்டிருப்பார்கள். கார்பனில் 500, 400, 340 என்று இருந்தால் பெரும்பாலும் அது ஸ்பைன், அதாவது விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கவைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு வளைகிறது என்பதே அந்த எண். 500 என்றால் அரை அங்குலம் வளைகிறது. எண் குறையக் குறைய தண்டு விறைப்பு. அலுமினியத் தண்டில் இருக்கும் நான்கு இலக்க எண் வேறு கணக்கு, அது தண்டின் பருமனையும் சுவர்த் தடிமனையும் சொல்வது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதற்கும் முனைக்கும் என்ன சம்பந்தம்? நாணை விட்டதும் பின்பக்கம் உந்தப்படுகிறது, முன்பக்கத்தில் இருக்கும் எடை உடனே நகர மறுக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைந்து நிமிர்ந்துதான் பறக்கிறது. முனை கனமானால் வளைவும் கூடும். முனையின் எடையை கிரெய்ன் என்ற சிறிய அளவில் சொல்வார்கள். 100 கிரெய்ன் முனையைக் கழற்றிவிட்டு 125 போட்டால், தண்டை மாற்றாமலேயே கொஞ்சம் மென்மையான தண்டுக்கு மாறியதுபோல் அம்பு நடந்துகொள்ளும். எனவே தண்டு தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையை எடுங்கள். வில்லின் இழுப்பு எத்தனை பவுண்டு, அம்பு எத்தனை அங்குலம், முனை எத்தனை கிரெய்ன் என்று மூன்றையும் போட்டால் எந்த ஸ்பைன் வேண்டும் என்று வந்துவிடும். தண்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? அதே அட்டவணையைத் திருப்பிப் படித்து முனையின் எடையைக் கண்டுபிடியுங்கள்.

படி 3: எடையை முடிவு செய்யுங்கள்

ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன். 100 கிரெய்ன் முனை ஏறக்குறைய 6.5 கிராம், 125 என்றால் 8.1 கிராம். இந்த ஒன்றரை கிராமில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும், ஆனால் அது அம்பின் நுனியில் போய் உட்காருவதால் தூரம் கூடக் கூட அம்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்து விழும். கடைகளில் அதிகம் கிடைப்பது 100, 125 ஆகிய இரண்டும்தான். அட்டவணை வேறு எதையும் சொல்லாதவரை இந்த இரண்டில் ஒன்றோடு தொடங்குங்கள், பின்னாளில் பிராட்ஹெட் வாங்கினாலும் அதே எடையில் எளிதாகக் கிடைக்கும்.

முழு அம்பின் எடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தண்டு, இன்செர்ட் (முனையைத் திருகத் தண்டுக்குள் வைக்கும் மரைத் துண்டு), நாக் (நாணில் மாட்டும் பின்முனைத் துண்டு), இறகு, முனை எல்லாம் சேர்த்து. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அடிமட்ட அளவு, இழுப்பின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்ன். 50 பவுண்டு வில் என்றால் 250 கிரெய்னுக்குக் கீழே போகக் கூடாது. அதைவிட லேசான அம்பை வைத்தால், அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறீர்கள், வில்லின் கைகள் தாங்காது. உங்கள் வில்லோடு வந்த கையேட்டில் இதைவிட அதிக எடை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

அப்புறம் எஃப்ஓசி என்று ஒன்று. அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதன் சதவீதம். முனையோடு சேர்த்து அம்பை விரல் மேல் வைத்து எங்கே சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பின்முனையில் இருக்கும் நாக் துண்டின் பள்ளத்திலிருந்து அந்த இடம்வரை அளந்து, அதிலிருந்து அம்பு நீளத்தில் பாதியைக் கழித்து, மொத்த நீளத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். நீளம் அளக்கும்போது முனையைச் சேர்க்காமல் தண்டு முடியும் இடத்தோடு நிறுத்த வேண்டும். 28 அங்குல அம்பு 17ஆவது அங்குலத்தில் நின்றால் 17 கழித்தல் 14, அதாவது 3, அதை 28ஆல் வகுத்தால் 10.7 சதவீதம். 10 முதல் 15க்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள். இதற்கு மேல் இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுவது புதியவர்களுக்குத் தேவையில்லாத தலைவலி என்பது என் கருத்து.

படி 4: பொருந்துகிறதா?

திருகும் முனைகளின் மரை பெரும்பாலும் 8-32 என்ற ஒரே அளவுதான், இன்செர்ட் உள்ள தண்டில் சுலபமாக ஏறும். கவனிக்க வேண்டியது பருமன். முனை தண்டைவிடச் சிறுத்திருந்தால் தண்டின் விளிம்பு டார்கெட்டில் மோதி நாளடைவில் பிளக்கும், ரொம்பப் பெருத்திருந்தால் பிடுங்குவதற்குள் தோள் கழன்றுவிடும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவினாலே தெரியும்.

போட்டிக்கான மெல்லிய தண்டுகளில் முனையை ஒட்டித்தான் வைக்க வேண்டும். கார்பன் என்றால் குறைந்த சூட்டில் இளகும் பசையை எடுங்கள், முனையைச் சூடாக்குங்கள், தண்டின் மீது நெருப்பைக் காட்டாதீர்கள். கார்பனைப் பிடித்துவைத்திருக்கும் ரெசின் சூட்டில் கெட்டுவிடும். மரத்தண்டு என்றால் நுனியை 5 டிகிரி கூம்பாகச் சீவி அதற்கேற்ற முனையை ஒட்டுவார்கள். உள்ளரங்கப் போட்டியில் வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அதிகப் புள்ளி என்பதால் பருத்த தண்டுகளை விரும்புவார்கள், அங்கேயும் வரம்பு உண்டு: உலக வில்வித்தை அமைப்பின் விதிப்படி தண்டு 9.3 மில்லிமீட்டரையும் முனை 9.4 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது.

படி 5: இப்போது வடிவம்

ஃபீல்டு பாயின்டில் கூர்மையான நுனிக்குப் பின்னால் ஒரு சின்னப் படி இருக்கும், புல்லட் பாயின்டில் அது இல்லாமல் வழவழவென்று இருக்கும். பயிற்சிக்கு எது கிடைத்தாலும் சரி. காட்டுவழியே நடந்துகொண்டே மக்கிய மரக்கட்டை, மண்மேடு என்று எய்து பழகுபவர்களுக்கு ஜூடோ முனை நல்லது. அதன் சின்ன ஸ்பிரிங் கால்கள் புல்லில் மாட்டிக்கொண்டு அம்பை நிறுத்திவிடும், இல்லாவிட்டால் அம்பு புல்லுக்கடியில் நுழைந்து காணாமல் போகும். மழுங்கிய முனை சிறு விலங்குகளுக்கு. மீனுக்கு முள் வைத்த முனை, கனமான ஃபைபர் கிளாஸ் தண்டு, கயிறு எல்லாம் தனி. சாதாரண அம்பில் அதை மாட்டிப் பார்க்க வேண்டாம்.

பிராட்ஹெட்டில் இரண்டு பெரிய வகை. பிளேடு எப்போதும் வெளியே நிற்கும் நிலையான வகை ஒன்று, பட்டதும் விரியும் மெக்கானிக்கல் வகை இன்னொன்று. நிலையான வகையின் வெட்டு அகலம் பெரும்பாலும் 1 அங்குலத்தை ஒட்டி இருக்கும், விரியும் வகை ஒன்றரை, இரண்டு அங்குலம்கூடப் போகும். விரியும் வகைதான் காற்றில் ஃபீல்டு பாயின்ட் மாதிரி பறக்கும், அதனால் கடையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆனால் பிளேடு விரிவதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் அம்பின் ஆற்றல்தான் செலவாகிறது, இழுப்பு குறைந்த வில்லில் அம்பு ஆழமாக இறங்காமல் நின்றுவிடலாம், எலும்பில் சாய்ந்து பட்டால் இன்னும் மோசம். 50 பவுண்டுக்குக் கீழே இழுப்பவர்கள், நுனி முன்னோக்கி வளைந்த ரிகர்வ் அல்லது நெடுவில் வைத்திருப்பவர்கள் நிலையான வகையிலேயே, முடிந்தால் இரண்டு பிளேடிலேயே இருங்கள். அதிக பவுண்டு காம்பவுண்ட் வைத்திருந்தாலும் முதல் பிராட்ஹெட் நிலையானதாக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன், உடைவதற்கோ விரியாமல் போவதற்கோ அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை.

எந்த வகையானாலும் பிளேடு சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டும். அம்பு விலங்கை வீழ்த்துவது பெரும்பாலும் ரத்தக்குழாய்களை வெட்டுவதால்தான், மழுங்கிய பிளேடு அவற்றை வெட்டாமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகலாம், விலங்கு காயத்தோடு ஓடிப்போய்க் கிடந்து சாகும்.

படி 6: மாட்டிச் சோதியுங்கள்

பிராட்ஹெட்டை வெறும் விரலால் திருகவே கூடாது. அதோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் சாவி கொடுப்பார்கள், அதைப் பயன்படுத்துங்கள். மாட்டிய பின் முனையை ஒரு கடினமான பரப்பில் நிறுத்தி அம்பைப் பம்பரம் போலச் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேரும் இடம் தள்ளாடினால் இன்செர்ட்டோ தண்டோ கோணல், அந்த அம்பை ஒதுக்கி வையுங்கள். நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது பிளேடு உங்கள் வில் பிடிக்கும் விரல்களுக்கு முன்னால்தான் இருக்கிறதா என்பதையும் அம்பு நீளத்தை வைத்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிராட்ஹெட் தாங்கும் டார்கெட்டில் அதே எடையுள்ள ஃபீல்டு பாயின்டையும் பிராட்ஹெட்டையும் மாற்றி மாற்றி எய்யுங்கள். முதலில் கிட்டத்தில், பிறகு தள்ளிப்போய். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் வேலை முடிந்தது. காம்பவுண்டில் பிராட்ஹெட் மட்டும் இடப்பக்கம் போய் விழுந்தால் வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டை வலப்பக்கம் ஒரு இம்மி நகர்த்துங்கள், 1/32 அங்குலம் போதும். வலப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம். அதாவது பிராட்ஹெட் விழும் இடத்திலிருந்து ஃபீல்டு பாயின்ட் விழும் இடத்தை நோக்கி. குறிபார்க்கும் சைட்டை மாற்றி இதைச் சரிசெய்யப் பார்த்தால், அடுத்து ஃபீல்டு பாயின்ட் வேறு எங்கோ போய் நிற்கும். எவ்வளவு நகர்த்தியும் சேரவில்லை என்றால் படி 2க்குத் திரும்புங்கள், தண்டின் ஸ்பைன்தான் ஒத்துவரவில்லை.

படி 7: கழற்றி வைக்கும் முன்

எய்ய எய்ய முனை தானாகத் தளரும். டார்கெட்டிலிருந்து பிடுங்கும் ஒவ்வொரு முறையும் ஃபீல்டு பாயின்டை விரலாலும் பிராட்ஹெட்டை அதன் சாவியாலும் ஒரு திருகு திருகிப் பாருங்கள், இல்லையென்றால் ஒருநாள் தண்டு மட்டும் கையோடு வரும், முனை ஃபோமுக்குள்ளேயே தங்கிவிடும். மரையில் கொஞ்சம் தேன்மெழுகு தடவினாலோ சின்ன ரப்பர் வளையம் போட்டாலோ தளர்வது குறையும். பிராட்ஹெட் மாட்டிய அம்புகளை பிளேடை முழுதாக மூடும் தூணியில்தான் கொண்டுபோக வேண்டும். பயிற்சியில் எய்த பிளேடை வேட்டைக்கு வைக்காதீர்கள், ஃபோம் கூர்மையைத் தின்றுவிடும். தேய்ந்ததைக் கழற்றி மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.