கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் பத்திரமாகத் தரையிறங்க

இந்த விண்வெளி விளையாட்டில் நம் சொந்தக் கோளான கெர்பினின் வளிமண்டலம் 70 கி.மீ. உயரத்தில் முடிகிறது. 80 கி.மீ. வட்டப்பாதையில் சுற்றும்போது, நேவ்பாலில் (திசை காட்டும் உருண்டை) ரெட்ரோகிரேட் குறியை, அதாவது போகும் திசைக்கு நேர் எதிரானதைப் பிடித்து, பெரியாப்சிஸ் (பாதையின் மிகத் தாழ்வான புள்ளி) 30 கி.மீ.க்கு இறங்கும்வரை எஞ்சினை இயக்குங்கள். வேகத்தில் நொடிக்கு 45 மீட்டர் குறைந்தாலே போதும். 60 கி.மீ.யில் விட்டுவிட்டால் காற்று லேசாக உரசும், கலம் மறுபடி வெளியே போய்விடும். சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். ரொம்பச் செங்குத்தாக இறங்கினாலோ, வேகம் தணிவதற்குள் தரை வந்துவிடும்.

70 கி.மீ.க்கு மேலேயே எஞ்சின் பகுதியைக் கழற்றிவிட்டு, வெப்பக் கவசத்தை ரெட்ரோகிரேட் பக்கம் மாற்றாமல், போகும் திசையைப் பார்த்து வையுங்கள். அதாவது கூம்பு வடிவக் கலத்தின் மூக்குதான் ரெட்ரோகிரேடில் இருக்க வேண்டும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

இன்னொரு பழைய வினை: டீகப்ளரும் (பகுதிகளைக் கழற்றிவிடும் கருவி) பாராசூட்டும் ஒரே ஸ்டேஜில், அதாவது ஒரே தட்டலில் இயங்கும் கட்டத்தில் கிடப்பது. ஸ்பேஸ்பாரை ஒருமுறை தட்டினால் இரண்டும் போச்சு! கிளம்பும் முன்பே பிரித்து வையுங்கள்.

பாராசூட் ஐகான் சிவப்பாக இருக்கையில் விரித்தால் கிழிந்துவிடும். மஞ்சளும் மறையட்டும், பிறகு தட்டுங்கள். முதலில் பாதிதான் விரியும். விரியும் உயரத்தை மாற்றாமல் விட்டிருந்தால், தரைக்கு 1000 மீட்டர் மேலே முழுதாக மலரும். மலைப்பக்கம் இறங்குவதென்றால் இன்னும் சீக்கிரம் விரியுங்கள்.