ஓஇடி கடிதம்: நான் திருத்திக்கொண்ட விதம்

நான் செவிலியர், வீடு காட்பாடியில். ஓஇடி (OET) என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. அதன் எழுத்துப் பகுதியில், நோயாளிக் குறிப்பைப் படித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் முதல் தடவை 290 வந்தது. பி தரத்துக்கு 350 வேண்டும். இலக்கணம்தான் கோளாறு என்று இரண்டு மாதம் அதையே படித்தேன். அது வீண்.

உண்மையான கோளாறு வேறு: நோயாளிக் குறிப்பில் இருந்ததையெல்லாம் கடிதத்தில் கொட்டியிருந்தேன். எழுத வேண்டியதோ 180 முதல் 200 சொல். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும்தான், பேனாவைத் தொடக்கூடாது. அப்போது, கடிதம் யாருக்குப் போகிறது என்று மட்டும் பார்க்கப் பழகினேன். பிசியோதெரபிஸ்டுக்கு என்றால் பாட்டி மாடிப்படியில் விழுந்தது வேண்டும். சின்ன வயதில் டான்சில் எடுத்தது எதற்கு?

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் அலாரம் வைத்து 40 நிமிடத்தில் தினம் ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த தடவை 370. அம்மாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.