அம்மாவின் கண்டாங்கிச் சேலையில் ஆறு குஷன் உறைகள்

வாடகைக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கும் அதே சட்டம்தான். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா. வருகிறவர்கள் "ஹோட்டல் மாதிரி இருக்கு" என்பார்கள். பாராட்டா குத்தலா என்று புரியாது.

போன தீபாவளிக்கு முன் அம்மா அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பழைய கண்டாங்கியை என் கையில் கொடுத்து, "தரை துடைக்க வச்சுக்கோ" என்றார். செங்கல் நிறம், மஞ்சள் கட்டம், நாலு அங்குலக் கரை. அதைக் கொண்டு தரை துடைக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் தைத்தது ஜிப், பட்டன் எதுவும் இல்லாத உறை. கடித உறை மாதிரி பின்பக்கம் ஒரு மடல் மேல் இன்னொன்று ஏறி நிற்கும், அந்த இடைவெளி வழியாகக் குஷனை நுழைத்துவிடலாம். மெஷினில் நேராக ஒரு கோடு ஓட்டத் தெரிந்தால் போதும்.

சாமான்கள்

மெஷின், குண்டூசி, இன்ச் டேப், டெய்லர் சாக், இஸ்திரிப் பெட்டி. கத்தரிக்கோல் மட்டும் நல்லதாக வாங்குங்கள். நான் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய மலிவுக் கத்தரிக்கோல் துணியை வெட்டவில்லை, மென்று துப்பியது. நல்லது வந்த பிறகு அதில் யாரும் காகிதம் வெட்டாதபடி ஒளித்து வையுங்கள். உருட்டி வெட்டும் கட்டர் வேகமானதுதான், ஆனால் அதற்கென்று அடியில் விரிக்கும் பாய், நீளமான ஸ்கேல் எல்லாம் வாங்க வேண்டும். ஆறு உறைக்கு அது தேவையில்லை. நூல் பாலியெஸ்டரே இருக்கட்டும். மெஷின் ஊசி 14ஆம் எண். மெல்லிய சேலை என்றால் 11.

துணியைச் சோதிப்பது

சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் கசிகிற இடங்களில் சாக்கால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுங்கள். கொசுவம் வரும் பகுதியில் இது அதிகம் இருக்கும். ஃபால் (கீழ்க்கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணிப்பட்டை) தைத்திருந்தால் பிரித்தெடுங்கள்.

அடுத்து சாயம். ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணி வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் ஒட்டாத வரைக்கும் அலசுங்கள். வியர்வைக் கழுத்தோடு சாய்ந்து உட்கார்கிற ஊர் இது. வெளிர் நிற சோபா வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. நன்றாகக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் அளவு.

வெட்டுவது

பெரும்பாலான குறிப்புகளில் ஓரங்களை இரண்டு முறை மடித்துத் தைக்கச் சொல்வார்கள். சேலைக்கு அந்த வேலை வேண்டாம். சேலையின் அகலத்தையே உறையின் நீளமாக எடுத்துக்கொண்டால் இரண்டு முனையிலும் கரை வந்துவிடும், கரை பிரியாது. என் சேலை துவைத்த பின் 46 அங்குல அகலம் இருந்தது. 18 அங்குலக் குஷனுக்கு, கரையிலிருந்து கரை வரை 46 அங்குலம் வருகிற மாதிரி 19 அங்குலப் பட்டை ஒன்று வெட்டினேன். மேலே அரை, கீழே அரை தையலுக்குப் போகும். கண்டாங்கியில் ஒரு வசதி, கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டே வெட்டலாம். ஸ்கேலே வேண்டாம்.

மடிப்பது: நான் கோட்டை விட்ட இடம்

இங்கே அவசரப்படாதீர்கள். சேலையின் இரண்டு கரையும் ஒரே நிலையில் இருக்காது. கீழ்க்கரை கால்பட்டுத் தேய்ந்திருக்கும், ஃபால் பிரித்த ஊசித் துளைகளும் தெரியும். மேல்கரை பளிச்சென்று இருக்கும். பின்பக்கம் வெளியே தெரிய வேண்டியது மேல்கரை.

துணியை நல்ல பக்கம் மேலே பார்க்க விரியுங்கள். இரண்டு முனையிலிருந்தும் 14 அங்குலத்தில் சாக்கால் கோடு போடுங்கள். நடுவில் 18 நிற்கும், அதுதான் முன்பக்கம். இப்போது எந்த மடலை முதலில் மடிப்பது? நல்ல கரை கடைசியில் மேலே வரட்டும் என்று தேய்ந்த கரையை முதலில் மடித்தேன். தைத்துத் திருப்பினால், தேய்ந்த கரை வெளியே இளித்துக்கொண்டு நிற்கிறது, நல்லது உள்ளே ஒளிந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "உள்ளே போற கரைக்கா இவ்வளவு நேரம் அயர்ன் பண்ணின?" என்றார்.

தைக்கும்போது உறை உள்வெளியாக இருக்கிறது, திருப்பும்போது வரிசையும் தலைகீழாகிவிடும். அதனால் வெளியே தெரிய வேண்டிய கரையை முதலில் மடியுங்கள். மற்றது அதன் மேல். இரண்டும் நடுவில் 10 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். சந்தேகமாக இருந்தால் தைக்கும் முன் குண்டூசி குத்தி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

தைப்பது

மேல் ஓரம், கீழ் ஓரம், அரை அங்குலம் உள்ளே தள்ளி இரண்டு கோடு. அவ்வளவுதான். மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்தில் மூன்று அடுக்கு, அங்கே மெதுவாக ஓட்டுங்கள். மடலின் கரை வந்து சேர்கிற இடத்தில் முன்னும் பின்னும் ஒரு முறை ஓட்டிப் பலப்படுத்துங்கள், குஷனைத் திணிக்கும்போது முதலில் பிரிவது அங்கேதான். வெட்டிய ஓரத்தில் இழை பிரியாமலிருக்க ஜிக்ஜாக் தையல். மூலைகளில் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டுத் திருப்பி, சாப்ஸ்டிக்கின் மழுங்கிய முனையால் குத்தி எடுங்கள். பென்சில் வேண்டாம், அது துணியைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

நாலு அங்குலக் கரை பின்பக்கத்தின் குறுக்கே பட்டையாக ஓடும். அது எனக்குப் பிடித்துப்போய், எங்கள் வீட்டில் பின்பக்கத்தைத்தான் முன்னால் திருப்பி வைத்திருக்கிறேன்.

பிறகு சேர்த்தது

பினாங்கிலிருந்து ஒருவர் தன் குஷன் 50 சென்டிமீட்டர், இந்த அளவு போதவில்லை என்று எழுதியிருந்தார். அது கிட்டத்தட்ட 20 அங்குலம். பட்டையை 21 அங்குலமாக வெட்டி, இரு பக்கமும் 13இல் மடியுங்கள். மடல்கள் 6 அங்குலம்தான் ஏறும், ஆனால் வாய் பிளக்காது.

மெல்லிய சுங்குடியில் தைத்தால் உள்ளே இருக்கும் வெள்ளைக் குஷன் தெரிகிறது என்று இன்னொருவர். அடியில் அதே அளவுக்கு ஒரு வெள்ளைக் காட்டன் வைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்து மடித்துத் தையுங்கள். உள்துணிக்குக் கரை கிடையாது, அதன் முனைகளை மட்டும் மடித்து அடித்துக்கொள்ளுங்கள். பட்டுச் சேலையை நான் தொடமாட்டேன், துவைக்கிற பொருளுக்கு அது சரிவராது.

மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். ஓட்டுத் தையல் போடாதீர்கள், இழுத்தால் பிரிந்து வரும். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் பின் தையல்தான் நிற்கும். ஒரு உறைக்கு ஒரு மாலை ஆகும்.

முந்தானையை என்ன செய்தேன் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெட்டவில்லை. சோபாவின் முதுகில் விரித்துப் போட்டிருக்கிறேன். இப்போது அம்மா வரும்போதெல்லாம் அதன் சுருக்கத்தை நீவிவிட்டுத்தான் உட்காருகிறார்.